ஷெர்ரி வேறு, செர்ரி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் வார இணைப்பில் ரம், ஷெர்ரி, டானிக் வாட்டர் (கசப்பேற்றிய குமிழ் நீர்) மூன்றும் சேர்ந்த காக்டெயிலுக்குச் செய்முறை வந்திருந்தது. எளிய கலவை, வீட்டில் செய்யத் தோதானது. ஆனால் அச்சிட்டபடியே செய்தால் கையில் கிடைப்பது வாயு போன, திகட்டுகிற கசப்பு நீர்தான். "ஷெர்ரி 60 மி.லி." என்று போட்டவர்கள் எந்த ஷெர்ரி என்று சொல்லவில்லை. டானிக்கையும் சேர்த்து ஷேக்கரில் குலுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போதாக்குறைக்குப் பக்கத்தில் செர்ரிப் பழத்தின் படம்!

ஷெர்ரிக்கும் செர்ரிக்கும் உறவு காதோடு சரி. ஷெர்ரி என்பது ஸ்பெயினின் தென்கோடியில், ஆண்டலூசியாவின் ஹெரெஸ் நகரைச் சுற்றி வெள்ளைத் திராட்சையில் செய்யும் ஒயின். அந்த ஊர்ப்பெயர் மருவியதே ஷெர்ரி. திராட்சைச் சாறு புளித்து ஒயினானதும் அதில் திராட்சைச் சாராயம் சேர்த்து வீரியத்தை, அதாவது ஆல்கஹால் அளவை, ஏற்றுவார்கள். எவ்வளவு ஏற்றுகிறார்கள் என்பதில்தான் வகையே பிரிகிறது. 15 சதவீதத்தில் நிறுத்தினால் பீப்பாய்க்குள் ஒயினின் மேல் ஈஸ்ட் பாலாடைபோல் படர்ந்து காற்றை அண்டவிடாது. அப்படி வெளிறிய நிறத்தில், இனிப்பே இல்லாமல் வருவது ஃபினோ. அதையே சான்லூகார் என்ற கடலோர ஊரில் முதிர வைத்தால் மன்ஸானில்லா. 17 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டால் ஈஸ்ட் பிழைக்காது. ஒயின் காற்று பட்டுப் பழுத்து, வாதுமைக் கொட்டை மணத்தோடு ஒலோரோசோ ஆகும். முதலில் ஈஸ்ட் ஆடையின் கீழும் பிறகு காற்றிலும் முதிர்ந்தது அமோன்டில்யாடோ. இனிப்பு வகைகள் தனி. கிரீம் ஷெர்ரியில் லிட்டருக்கு 115 முதல் 140 கிராம் சர்க்கரை. வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்யும் பெத்ரோ ஹிமெனெஸில் 212 கிராமுக்குக் குறையாது, பாகுபோல் ஒழுகும்.

இந்தக் கணக்கு ஏன் என்றால், டானிக் சோடா அல்ல. கசப்பு முன்னால் நிற்பதால் இனிப்பு தெரிவதில்லை, அவ்வளவுதான். சாதாரண டானிக்கில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 8 கிராம் சர்க்கரை இருக்கும். தங்கள் குறிப்பின்படி 60 மி.லி. ஷெர்ரி, 150 மி.லி. டானிக் ஊற்றுபவர் கையில் கிரீம் ஷெர்ரி இருந்துவிட்டால் ஒரு கிளாஸில் 20 கிராம் சர்க்கரை சேர்ந்துவிடும். நான்கு தேக்கரண்டி! ஃபினோவில் லிட்டருக்கே 4 கிராம் தாண்டாது. ஆகவே முதல் முறை செய்பவர் ஃபினோவோ மன்ஸானில்லாவோ வாங்குவதே நல்லது. சமையலுக்கென்று உப்புப் போட்டு விற்கும் ஷெர்ரி எதற்கும் உதவாது.

ஒரு கிளாஸுக்கு என் அளவு: வெள்ளை ரம் 30 மி.லி., ஃபினோ 45 மி.லி., டானிக் 120 மி.லி., வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 5 மி.லி., ஒரு துண்டு எலுமிச்சைத் தோல். சர்க்கரைப் பாகு வேண்டாம்; டானிக்கில் இருப்பதே போதும். சாற்றை விட்டுவிடாதீர்கள். ஃபினோ பார்க்கத்தான் கூர்மையான ஒயின், புளிப்பு அதில் குறைவு. ஈஸ்ட் அதன் கொழகொழப்பையும் தின்றுவிடுவதால் நாக்கில் மெலிசாக ஓடும். புளிப்பைச் சாறும் திண்மையை ரம்மும் ஈடுகட்டுகின்றன. கரும்புப்பாகின் கருக்கல் வாடை தூக்கலான கறுப்பு ரம் இதில் சேராது. டானிக்கின் கசப்போடு மோதி, ஃபினோவை இருக்குமிடம் தெரியாமல் அடித்துவிடும்.

செய்முறையில் பாதி வேலை குளிர வைப்பதுதான். கரியமில வாயு குளிர்ந்த நீரில் நன்றாகத் தங்கும், வெதுவெதுப்பில் ஓடிவிடும். டானிக், ஷெர்ரி, 350 மி.லி. பிடிக்கும் உயரமான கிளாஸ் மூன்றையும் இரண்டு மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ரம்மை ஃப்ரீசரிலேயே வைக்கலாம். 40 சதவீத மது அங்கே உறையாது. ஷெர்ரியை மறந்தும் அங்கே வைக்காதீர்கள், 15 சதவீதம் கூழாகிவிடும்.

ஐஸ் கட்டி பெரிதாக இருக்கட்டும், கிளாஸ் நிறையப் போடுங்கள். குறைவாகப் போட்டால் நீர்த்துப்போகாது என்று பலர் நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. நான்கு கட்டி தனியாகக் கிடந்தால் குளிர்விக்கும் பாரம் முழுவதும் அவற்றின் மேல் விழுந்து சீக்கிரம் கரையும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, போடவும் கூடாது. மேலே பூத்திருக்கும் வெண்பனியின் சொரசொரப்பில்தான் வாயு குமிழாகத் திரண்டு பொங்கி வெளியேறும். குளிர்ந்த நீரில் ஒரு முறை அலசி வடித்துவிட்டால் கட்டி கண்ணாடிபோல் வழுவழுப்பாகும், வாயுவும் நிற்கும். ஃப்ரீசர் வாடையும் கழுவிக்கொண்டு போகும்.

இனி ஊற்றும் வரிசை. ஐஸின் மேல் ரம், ஷெர்ரி, எலுமிச்சைச் சாறு மூன்றையும் ஊற்றி, நீளக் கரண்டியால் 15 விநாடி கலக்குங்கள். அடியில் ஐஸ் கரைந்த நீர் நின்றால் நிற்கட்டும். அப்புறம் டானிக்கை, கிளாஸைச் சாய்த்துப் பக்கச் சுவரோடு மெதுவாக இறக்குங்கள். சர்க்கரை கரைந்த டானிக் மதுவைவிடக் கனமானது, தானாகவே கீழே இறங்கிக் கலந்துவிடும். கரண்டியை அடிவரை விட்டு ஐஸை ஒரே ஒரு முறை தூக்கிவிட்டால் போதும். சாற்றைக் கடைசியில் பிழிந்தால் சக்கைத் துணுக்குகள் பட்டு நுரை பொங்கி வழியும். ஷேக்கரில் டானிக்கைக் குலுக்கினால் சுவை கெடுவது ஒருபுறம் இருக்க, உள்ளே அழுத்தம் ஏறி மூடியே தெறிக்கும். கடைசியாகத் தோலின் வெளிப்புறத்தைக் கிளாஸின் மேல் பிடித்து மடித்தால் எண்ணெய் பீச்சும்; வாய் அருகே வரும் மணம் அதுதான். தோலின் உட்புற வெள்ளைச் சதையைச் சீவிவிடுங்கள். ஏற்கெனவே கசப்புக்குக் குறைவில்லை.

கசப்பு மிஞ்சிவிட்டதென்று தோன்றினால் கை சர்க்கரைக்குப் போகும். அதற்கு முன் உப்புக் கரைசல் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள் (20 கிராம் உப்பு, 80 கிராம் நீர்). உப்பு கசப்பை நாக்கில் மழுக்கிவிடும், இனிப்பு தானே மேலெழும். சர்க்கரையில்லா டானிக் வாங்கியவர்களுக்கு இந்தச் சொட்டு இன்னும் அவசியம்.

அமோன்டில்யாடோ கிடைத்தால் வெள்ளை ரம்முக்குப் பதில் முதிர்ந்த பொன்னிற ரம், எலுமிச்சைத் தோலுக்குப் பதில் ஆரஞ்சுத் தோல், டானிக் 100 மி.லி. என்று மாற்றிக்கொள்ளுங்கள். பெத்ரோ ஹிமெனெஸ் மட்டும்தான் இருக்கிறதென்றால் அதைப் பாகாகக் கருதி 10 மி.லி.யோடு நிறுத்துங்கள், டானிக்கிலும் பாதியைச் சோடாவாக மாற்றுங்கள்.

ஷெர்ரி வீரியமான ஒயின்தானே, திறந்த புட்டி மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. ஃபினோ அப்படித் தாங்காது. ஈஸ்ட் ஆடை காத்துவந்த ஒயினுக்குக் காற்று புதிது. இறுக மூடி, நிமிர்த்தி, ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நிறம் கருத்து, பச்சை மாவு மணம் போய், நறுக்கி வைத்த ஆப்பிள்போல் சோர்ந்துவிட்டால் சமையலுக்குத்தான். ஒலோரோசோ ஒரு மாதத்துக்கு மேலும் நிற்கும். டானிக்கைச் சின்னக் குப்பியாக வாங்குங்கள். திறந்த பெரிய பாட்டிலில் மறுநாள் குமிழ் இருக்காது.

மென்மையாக இறங்குகிறதே என்று ஏமாறவும் கூடாது. மேற்சொன்ன அளவில் ரம்மிலிருந்து 12 மி.லி., ஃபினோவிலிருந்து 6.75 மி.லி. தூய ஆல்கஹால் சேர்கிறது. 5 சதவீத பீர் 330 மி.லி.யில் இருப்பது 16.5 மி.லி.தான். டானிக்கின் கசப்பு குயினைன். சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820-இல் பிரித்தெடுக்கப்பட்ட அதே மலேரியா மருந்து. டானிக்கில் அதன் அளவு மிகக் குறைவு என்றாலும், குயினைன் ஒவ்வாதவர்களும் இதயத் துடிப்புக்கு மருந்து எடுப்பவர்களும் டானிக்கைத் தொடாமலிருப்பது நல்லது. தங்கள் குறிப்பில் இது ஒரு வரிகூட இல்லை.

திருத்தம் வெளியிடுவதானால் "ஷெர்ரி" என்பதை "ஃபினோ ஷெர்ரி" என்றும், "குலுக்கவும்" என்பதை "டானிக்கைக் கடைசியில் மெதுவாக ஊற்றவும்" என்றும் மாற்றுங்கள். செர்ரிப் படத்தையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்