தூதன் சொன்னான்னு சொல்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊழியம் செய்யற ஐயாமார்களுக்கும், தீர்க்கதரிசனம் சொல்ற அண்ணன்மார்களுக்கும் ஸ்தோத்திரம்.

வேதத்துல தூதர்கள் எதுக்கு வந்தாங்கன்னு உங்களுக்கு பாடம் எடுக்க நான் வரல, நீங்க படிச்சவங்க, நான் சபைல கடைசி வரிசைல உட்கார்ற ஆளு. ஆனா போன மாசம் எங்க வீட்டுல நடந்ததுக்கு அப்புறம் சும்மா இருக்க முடியல.

எங்க அக்காவுக்கு ஏழாம் மாசத்துல குழந்தை வயித்துலயே இறந்து போச்சு. ஆஸ்பத்திரில இருந்து வந்த மூணாவது நாள் ஜெபம் பண்ண ஒரு ஊழியக்காரர் வந்தார், பேரை இங்க எழுதப் போறதில்ல. ஜெபம் முடிஞ்சு கண்ணைத் திறந்தவர், நேத்து ராத்திரி ஒரு தூதன் என் பக்கத்துல வந்து நின்னான், இந்த வீட்டுல அறிக்கை பண்ணாத பாவம் ஒண்ணு இருக்குன்னு சொன்னான், அப்படின்னார். சொல்லிட்டு செருப்பை மாட்டிட்டு போயிட்டார்.

அக்கா அன்னிக்கு ராத்திரியே ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சா. பள்ளிக்கூடத்துல சொன்ன பொய், அம்மாகிட்ட எதிர்த்துப் பேசினது, ஒரு ஞாயித்துக்கிழமை உடம்பு சரியில்லைன்னு சபைக்கு போகாதது, எல்லாம் அந்த நோட்டுல இருக்கு, பாதி நோட்டு தீர்ந்து போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பி ஒரு வரியைக் காட்டி "இதுவா இருக்குமாடா?"ன்னு கேக்கறா. இல்லக்கான்னு சொன்னா "உனக்கு எப்படிடா தெரியும், சொன்னது தூதனாச்சே"ங்கறா. அதுக்கு மேல நான் என்னத்த சொல்ல? ஒரு மனுஷன் தன் கருத்தா சொல்லியிருந்தா அவகிட்ட வாதாடியாவது பார்ப்பேன், தூதன் சொன்னான்னு சொல்லி வாதாடற வழியையே அடைச்சுட்டு போயிட்டாரே.

அதனால நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். உங்க மனசுல தோணினதை உங்க பேர்லயே சொல்லுங்க, தூதன் பேர்ல சொல்லாதீங்க.

எபிரேயத்துல மலாக், கிரேக்கத்துல ஆங்கெலொஸ், ரெண்டுக்கும் அர்த்தம் தூது கொண்டு போறவன்தான்னு பிரசங்கத்துல நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. யோவான் ஸ்நானகன் இயேசுகிட்ட அனுப்பின ஆளுங்களுக்கும் லூக்கா 7ல அதே கிரேக்க வார்த்தைதான் வருது. அனுப்பினவர் சொன்னதைச் சொல்றது, அதோட தூதனோட வேலை முடிஞ்சது. கொர்நேலியுங்கற ரோம அதிகாரி வீட்டுக்கு வந்த தூதன் நினைச்சிருந்தா அங்கயே நின்னு சுவிசேஷம் சொல்லியிருக்கலாம், சொல்லல, யோப்பாவுக்கு ஆள் அனுப்பி பேதுருவைக் கூப்பிடுன்னு மட்டும் சொல்லிட்டு போயிட்டான்.

சரி, உடைஞ்சு போனவங்ககிட்ட வந்தப்ப தூதன் எப்படிப் பேசினான்? தூதன்ங்கற வார்த்தை வேதத்துல முதல்முதலா வர்றதே ஆதியாகமம் 16ல, எஜமானி கொடுமை தாங்காம வயித்துல பிள்ளையோட ஓடிப்போன வேலைக்காரி ஆகார்கிட்டதான். பேர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கிருந்து வர்ற, எங்க போறன்னு கேட்டான். திரும்பிப் போன்னும் சொன்னான்தான், ஆனா கர்த்தர் உன் அங்கலாய்ப்பைக் கேட்டார்னும் சொன்னான், அவ அங்கயே கர்த்தருக்கு என்னைக் காண்கிற தேவன்னு பேர் வச்சா. அப்புறம் எலியா தீர்க்கதரிசி, ராணி கொல்லுவேன்னதும் பயந்து ஓடினவர். எனக்கு போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்னு சூரைச்செடி கீழ படுத்துட்டவர். தூதன் வந்து தட்டி எழுப்பினப்ப தலைமாட்டுல சுட்ட அடையும் தண்ணியும் இருந்துச்சு. சாப்பிட்டுட்டு மறுபடி படுத்துக்கிட்டார், தூதன் ரெண்டாவது தரம் வந்து, எழுந்து சாப்பிடு, நீ போக வேண்டிய பிரயாணம் வெகுதூரம்னான். ஏன் பயந்து ஓடி வந்தேன்னு அந்தத் தூதன் ஒரு வார்த்தை கேக்கல ஐயா. எங்க அக்கா அன்னிக்கு காலைல இருந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கல, வந்தவர் அதைக்கூட விசாரிக்கல.

தூதர்கள் தண்டனையும் கொண்டு வந்தாங்களேன்னு கேப்பீங்க. ஆமா, அசீரியா பாளையத்துல 1,85,000 பேர் செத்தாங்க, ஏரோது ராஜாவை தூதன் அடிச்சான், யோவான் ஸ்நானகனோட அப்பா சகரியா நம்பாததால ஊமையானார், அப்பவும் அவருக்கு வந்த செய்தி பிள்ளை பிறக்கும்ங்கறதுதான். பிள்ளையைப் பறிகொடுத்தவகிட்ட ஒரு தூதன் வந்து உன் பாவம்தான் காரணம்னு சொன்னதா நான் எங்கயும் வாசிச்சதில்ல. இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா பெத்தவங்களான்னு சீஷர்கள் கேட்டப்ப, இவனும் இல்ல பெத்தவங்களும் இல்லன்னு ஆண்டவரே சொல்லிட்டார், யோவான் 9.

இது ஒருத்தர் பண்ற தப்பு மட்டும் இல்ல. யூடியூப்ல திறந்தா இந்த மாசத்துக்கான தூதன், கடன் தீர்க்கற தூதன்னு வரிசையா வீடியோ வருது, பேர் சொல்லிக் கூப்பிடுங்க காணிக்கை அனுப்புங்கன்னு. கண்டிப்பா கோவம் வருது. வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதின யோவான் தூதன் கால்ல விழுந்தப்ப, வேண்டாம், நானும் உன்னைப்போல ஊழியக்காரன்தான், தேவனைத் தொழுதுகொள்னு தூதனே தடுத்தான், அந்தப் புஸ்தகத்துல 19லயும் 22லயும் ரெண்டு தரம். வானத்துலருந்து வர்ற தூதனா இருந்தாலும் வேற சுவிசேஷத்தைச் சொன்னா சபிக்கப்பட்டவன்னு பவுல் கலாத்தியருக்கு எழுதினார், அப்ப தூதன்னு பேர் சொன்ன உடனே நம்பிடக் கூடாதுன்னுதானே அர்த்தம்?

1 இராஜாக்கள் 13ஐ ஒரு தரம் சபைல வாசிங்க. பெத்தேல்ல இருந்த கிழவனான தீர்க்கதரிசி, ஒரு தூதன் என்கிட்ட சொன்னான்னு சொல்லி அந்த ஊர்ல சாப்பிடக் கூடாதுன்னு கர்த்தர் கட்டளை கொடுத்திருந்த தேவனுடைய மனுஷனை வீட்டுக்கு சாப்பிடக் கூப்பிட்டார். பொய் சொன்னார்னு வேதமே பச்சையா எழுதியிருக்கு. நம்பிப் போனவரை வழில சிங்கம் கொன்னுச்சு. பொய் சொன்னவர் உயிரோட இருந்தார், ஐயோ என் சகோதரனேன்னு அழுது அடக்கம் பண்ணினார். அந்த அதிகாரத்தை இப்பல்லாம் முழுசா வாசிக்க முடியல, அக்கா முகம்தான் வருது.

கடுமையா எழுதியிருந்தா மன்னிச்சிக்கங்க. உங்க ஜெபத்துல வளர்ந்த வீடு எங்களுது. மறுபடியும் அதையேதான் தாழ்மையா கேக்கறேன், துக்க வீட்டுல உங்களுக்குத் தோணினதை தூதன் பேர்ல சொல்லாதீங்க, சொல்றதுக்கு எதுவும் இல்லைன்னா பக்கத்துல உட்கார்ந்துட்டு போங்க. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல ஆண்டவரைப் பலப்படுத்த வந்த தூதன் என்ன சொன்னான்னு லூக்கா ஒரு வார்த்தைகூட எழுதல.

எங்க வீட்டுக்கு வந்த ஐயா இதை வாசிச்சா, தயவுசெய்து இன்னொரு தரம் வாங்க. அது தூதன் இல்லம்மா, எனக்கா தோணினதுன்னு அக்காகிட்ட நீங்களே சொல்லணும், நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. சாயங்காலம் எப்ப வந்தாலும் அவ வீட்டுலதான் இருப்பா, அந்த நோட்டோட.