டேவிட் ரேகன் அவர்களுக்கு: அந்த மின்சாரக் காரை மார்ட்டின்ஸ்வில்லுக்குக் கொண்டுபோங்கள்

அன்புள்ள டேவிட் ரேகன் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஜூலையில், சிகாகோ தெருப் பந்தயத்தின்போது, அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் தன் மின்சாரப் பந்தயக் காரை வெளியே காட்டியது. அதை ஓட்டிச் சோதித்தவர் நீங்கள். டயர் கிறீச்சிடுவது காதில் விழுந்ததையும், பிரேக் சூடாகும் வாசனை வந்ததையும் அப்போது சொன்னீர்கள். எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினான வி8-இன் இரைச்சலும் புகையும் இத்தனை வருடம் மூடி வைத்திருந்த விஷயங்கள் அவை. ‘சத்தம் இல்லாதது ஒரு பந்தயமா?’ என்று என் நண்பர்கள் பலர் அன்றே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கோ, நீங்கள் சொன்னதைப் படித்ததும் அந்தக் காரை வேலியோரம் நின்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

காரில் மூன்று மோட்டார். நான்கு சக்கரங்களுக்கும் விசை. உச்சத்தில் 1,000 கிலோவாட், அதாவது 1,300 குதிரைத்திறனுக்கும் மேல். நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரின் இன்றைய கார்கள் 670, 750 குதிரைத்திறன் என்ற அளவில்தான் ஓடுகின்றன. சரி, வேகத்துக்குக் குறையில்லை. பேட்டரிதான் இடிக்கிறது. 78 கிலோவாட்-மணி என்பது உச்ச விசையில் மிதித்துக்கொண்டே இருந்தால் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

இதை உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் யார்? கப் தொடரில் நீங்கள் வென்ற இரண்டு பந்தயங்களும் பெரிய தடங்களில்தான். 2011 ஜூலையில் டேட்டோனாவில் மேட் கென்செத் தன் காரால் உங்கள் காரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். 2013-இல் டாலடேகாவில், மழையால் தாமதமாகி இருட்டத் தொடங்கிய நேரத்தில், டேவிட் கில்லிலாண்ட் தள்ள 34-ஆம் எண் காரில் முன்னால் பாய்ந்தீர்கள். சிறிய அணி ஒன்றுக்கு அது முதல் வெற்றி. இன்றும் பார்த்தால் சிலிர்க்கிறது. அந்தத் தடங்களில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுப்பதே அபூர்வம். வளைவுகளின் 31, 33 டிகிரி சரிவு காரைத் தாங்கிக்கொள்கிறது, பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. பிரேக் பிடிக்காத இடத்தில் பேட்டரிக்குத் திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் ஒன்றுமில்லை. ஆகவே டேட்டோனாவை வி8-க்கே விட்டுவிடுங்கள். 800 கிலோமீட்டர் பந்தயத்தில் அந்த முழக்கம் நெஞ்சுக்குள் அதிர வேண்டும் என்று நானும் மனதார விரும்புகிறேன்.

வர்ஜீனியாவில் உள்ள சிறிய தடமான மார்ட்டின்ஸ்வில்லின் கதை வேறு. சுற்றுக்கு 850 மீட்டர்கூட இல்லை. நீண்ட நேர்ப்பாதை, அதன் முடிவில் இறுக்கமான வளைவு, மறுபடி நேர்ப்பாதை. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பலமாக பிரேக் பிடிக்க வேண்டும். 500 சுற்றுப் பந்தயம் என்றால் ஆயிரம் முறை. மாலை மங்கியபின் வளைவின் வாசலில் கவனித்தால், சக்கரத்துக்குள் பிரேக் தட்டு ஆரஞ்சு நிறத்தில் கனன்று, கார் வேகமெடுத்ததும் மெல்ல மங்குவது தெரியும். எத்தனை அழகான காட்சி! ஆனால் அந்தச் சூடு அத்தனையும் வீண். மின்சாரக் காரில் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். எங்கே பிரேக் பிடிப்பது, எவ்வளவு மிச்சம் பிடிப்பது, எப்போது செலவழிப்பது என்று ஓட்டுநரின் சாமர்த்தியத்துக்கு ஒரு புதிய களமே திறக்கும்.

அதற்காக 500 சுற்று ஓட்ட வேண்டாம். மின்சாரக் கார்களுக்கான ஃபார்முலா ஈ தொடர் 2014-இல் தொடங்கியபோது பேட்டரி போதாமல் நடுவழியில் காரையே மாற்றினார்கள். 2018-இல் வந்த புதிய கார்தான் அதற்கு முடிவு கட்டியது. நமக்கு அந்தச் சங்கடம் தேவையில்லை. உள்ளூர்த் தடங்களில் சனிக்கிழமை இரவுகளில் இறுதிப் பந்தயத்துக்கு முன் ‘ஹீட்’ என்ற குறுகிய பந்தயங்கள் நடத்துவது காலங்காலமாக இருக்கும் வழக்கம்தானே? இரண்டு ஹீட், நடுவில் சார்ஜ், அப்புறம் ஓர் இறுதிப் பந்தயம். கப் பந்தயத்துக்கு முந்தைய நாள் மாலையில் வைத்தால் கூட்டமும் இருக்கும்.

‘கடையில் விற்கும் கார்தான் தடத்தில் ஓட வேண்டும்’ என்று வாதிடுபவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். செவ்ரோலே கமாரோவின் உற்பத்தி 2023 கடைசியிலேயே நின்றுவிட்டது, தடத்தில் இன்னும் ஓடுகிறது. டொயோட்டா கேம்ரி 2025 மாடலிலிருந்து ஹைப்ரிட்டாக மட்டுமே விற்கிறது, தடத்திலோ வி8. 2025 தொடக்கத்தில் செவ்ரோலே பிளேசரையும் ஃபோர்டு மாக்-ஈயையும் மின்சாரப் பந்தய வடிவில் காட்டினார்களே, அவற்றின் சாலை வடிவங்களாவது ஷோரூமில் கிடைத்தன.

என் கவலை இதுதான். 2025 செப்டம்பர் 30-உடன் மின்சாரக் கார்களுக்கான 7,500 டாலர் வரிச்சலுகை அமெரிக்காவில் முடிந்துவிட்டது. காற்று எதிர்த்திசையில் வீசும்போது உங்கள் கார் கண்காட்சிப் பொருளாகவே நின்றுவிடக்கூடும். பொறியாளர்கள் எத்தனை வரைபடம் காட்டினாலும் மனம் மாறாத ரசிகர்கள், டாலடேகாவில் வென்ற ஒருவர், அதுவும் கப் பந்தயம் ஓட்டிய கென் ரேகனின் மகன், சொன்னால் காது கொடுப்பார்கள். நாஸ்காரிடம் ஒரே ஓர் இரவு கேளுங்கள். மூன்று நிறுவனங்களும் ஆளுக்கு இரண்டு கார் இறக்கினால் ஆறு கார். முதல் பந்தயத்துக்கு அது போதும்.

அன்புடன்,
சார்லட்டிலிருந்து ஒரு ரசிகன்