மாசி 9க்குப் பிறகு படம் இல்லை

அன்புள்ள பிள்ளைக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். நீ பூட்டித் தந்துவிட்டுப் போன சேர்வர், எங்கள் படமும் வீடியோவும் சேர்த்து வைக்கிற அந்தப் பெட்டி, மறுபடி பழைய வேகத்துக்கு வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் போட்டால் இரண்டு நீலக் கோடு மட்டும்தான் வருகிறது, பதிலைக் காணோம். அதனால் மின்னஞ்சலில் நீளமாக எழுதுகிறேன், ஆறுதலாக வாசி. வாசிக்க முதல் சாப்பிட்டாயா? அந்தக் குளிருக்குள் வெறும் கோப்பியோடு வேலைக்கு ஓடாதே. ஒரு சனிக்கிழமை ஸ்காபரோவுக்குப் போய்ச் சித்தி வீட்டில் இரண்டு நாள் நின்று வா.

கோளாறு இதுதான். அப்பாவின் வீடியோ கசெட்டுகளைக் கடையில் கொடுத்து மாற்றி எடுத்தேன் அல்லவா, உன் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பெரியமாமாவின் வீடு குடிபுகுதல், எல்லாம் சேர்த்து 40 கிகாபைட். நீ மார்கழியில் இங்கே நின்றபோது லப்டொப்பிலிருந்து பெட்டிக்கு நொடிக்கு 110 மெகாபைட் ஓடியதை நீயே காட்டினாய். அந்தக் கணக்குக்கு 40 கிகாபைட் ஆறு நிமிட வேலை. தையில் நான் போட்டபோது 11. பன்னிரண்டும் இல்லை, பத்தும் இல்லை, மணிக்கூடு போல ஒரே 11. ஒரு மணித்தியாலம் கதிரையைப் போட்டு முன்னால் இருந்தேன்.

எனக்கு முதலில் டிஸ்க்கில்தான் பயம் பிடித்தது. இரண்டு டிஸ்க், ஒன்றில் உள்ளதே மற்றதிலும் இருக்கும், ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்று நீ சொன்னது நினைவிருந்தும் பயம்தான். தகரப் பெட்டிக் கதை உனக்குத் தெரியும். 95 ஒக்டோபர் 30 இரவு, ஊரே இடம்பெயர்ந்த அந்த மழைக்குள் அப்பா அல்பப் பெட்டியைத் தூக்கப் போனார், "இரண்டு கிழமையில் திரும்பி வரத்தானே போறம், அரிசியைத் தூக்குங்கோ" என்று தடுத்தது நான். திரும்பி வந்தது அடுத்த வருடம் சித்திரையில். பெட்டியைக் காணோம், அல்பங்கள் கிணற்றடியில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. நாலு வயதுக்கு முந்திய உன் முகம், சித்தியிடம் தப்பிய அந்த ஒரு படத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. நீ இந்தச் சேர்வரைப் பூட்டி முடித்துக் கைதட்டி, "இனி ஒண்டும் துலையாது அம்மா" என்றபோது நான் குசினிக்குள் போய் நின்றது எதற்கு என்று நீ கேட்கவில்லை, நல்லது.

சரி, நீ போனில் சொன்னதெல்லாம் சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். முப்பது வருடம் பௌதிகம் படிப்பித்தவளுக்கு நீ சொன்ன ஒழுங்கு பிடித்திருந்தது. டிஸ்க்கையும் வயரையும் பிரித்துப் பார், ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்று. முதலில் டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்கிற ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன், பழுதாகக் காத்திருக்கும் செக்டர் இரண்டிலும் பூச்சியம். அப்புறம் அந்த ஐபெர்ஃப்3. அது டிஸ்க்கைத் தொடாமல் வயரில் மட்டும் தகவலை ஓட விட்டு அளக்கும் என்று நீ சொன்னாய். 94 மெகாபிட் என்று காட்டியது. எட்டு பிட் ஒரு பைட், எட்டால் பிரித்தால் 11.75. அந்த 11 வயருக்குள்ளேயே இருக்கிறது! டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. உடனே போய்ச் சாமியறையில் விளக்கேற்றிவிட்டுத்தான் மிச்ச வேலை பார்த்தேன்.

பிறகு வயர் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று காட்டும் ஈத்டூல் போட்டேன், 1000 மெகாபிட் என்று வர வேண்டிய இடத்தில் 100. வயர்கள் எல்லாம் வந்து சேர்கிற சுவிட்ச்சில் அந்தத் துளையின் விளக்கும் பச்சையாக இல்லை, செம்மஞ்சள். லப்டொப்பின் குட்டி வயரை மாற்றினேன், அதே 100. சுவிட்ச்சில் துளையை மாற்றினேன், அதேதான். மிஞ்சியது விறாந்தையிலிருந்து அப்பாவின் அறைக்குப் போகிற நீள வயர். கையால் தடவிக்கொண்டே சுவரோரமாகப் போனேன், அலுமாரிக்குப் பின்னால் கை நின்றுவிட்டது.

திவசத்துக்கு வீடு கழுவ அந்த அலுமாரியை நானும் முன்வீட்டுப் பெடியனும் நகர்த்தினோம். திருப்பி வைத்தபோது பின்கால் வயருக்கு மேல் ஏறியிருக்கிறது, நான் குனிந்து பார்க்கவில்லை. வெண்டிக்காயை நசித்த மாதிரித் தட்டையாகிக் கிடந்தது. பிளேட்டால் தோலைக் கீறிப் பிரித்தேன். உள்ளே எட்டு மெல்லிய வயர், இரண்டிரண்டாக முறுக்கியபடி, செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம். மண்ணிறச் சோடியில் ஒன்று அறுந்து செம்பு வெளியே மினுங்கியது. கொப்பியில் நீ சொன்ன விளக்கம் இருந்தது: 100க்கு இரண்டு சோடி போதும், 1000க்கு நாலும் வேண்டும், ஒரு சோடி போனால் இரண்டு பக்கமும் தங்களுக்குள் பேசி 100க்கு இறங்கிவிடும். ஒரு எச்சரிக்கையும் வராது. வேலை நடந்துகொண்டே இருக்கும், குறைவாக நடக்கும், வெளியே இருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் சரி மாதிரி.

கஸ்தூரியார் வீதியில் இரண்டு தலையும் அடித்த கட் 6 வயர் வாங்கி வந்து, இந்தத் தடவை நிலத்தில் விடாமல் கதவு நிலைக்கு மேலால் கிளிப் அடித்துக் கொண்டுபோனோம். ஐபெர்ஃப் 941. கொப்பி பண்ணினால் 112. அப்பாவின் 40 கிகாபைட்டை ஒரு தடவை திரும்பவும் போட்டுப் பார்த்தேன், சும்மா, பார்ப்பதற்காக. ஸ்கான் பண்ணிய படங்கள்தான் இன்னும் 30க்கு மேல் ஏறவில்லை. அது சின்னச் சின்ன பைல் ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றையும் திறந்து மூட நேரம் போகும், அது கோளாறு இல்லை என்று நீ முதலே சொல்லியிருந்தாய், ஆகவே விட்டுவிட்டேன்.

முன்வீட்டுப் பெடியன் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இதை ஆர் பூட்டினது?" என்று கேட்டான். "என்ர மகள், தேப்பன்ர பழைய கொம்பியூட்டரில" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. அதே மகள் தகப்பனின் திவசத்துக்கு வீடியோவில்கூட வரவில்லை. ஐயர் கேட்டபோது வேலை என்று சொல்லிச் சமாளித்தேன். மருமகனும் எடுக்கவில்லை. எனக்குக் கோபம்தான் பிள்ளை, மறைக்கவில்லை. நீ எடுத்திருக்க வேண்டும், ஐந்து நிமிடம்.

இன்னொன்று. இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டிக்குள், இடி விழுந்தால் இரண்டும் போகும். ஒரு பிரதி உன்னிடமும் இருக்கட்டும். அப்பாவின் போல்டரையாவது அங்கே இறக்கி வை. சித்தியிடமும் ஒன்று கொடுத்து வைக்கலாம், போகும்போது கொண்டு போ. சித்தி வீட்டுக்குப் போ என்று நான் சும்மா சொல்லவில்லை.

உன் போனிலிருந்து படங்கள் இரவில் தானாக வந்து உன் போல்டரில் சேரும்படி வைத்துவிட்டுப் போனாய். நான் காலையில் தேத்தண்ணியோடு அதைத்தான் முதலில் திறப்பேன். ஸ்னோ, உன் சமையல், பஸ் தரிப்பிடம். மருமகன் இருக்கிற படங்கள் மார்கழியோடு நின்றுவிட்டதை நான் கவனித்தேன். மாசி 9ஆம் திகதிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வயர் பழுதால்தான் வரவில்லை என்று நினைத்தேன். வயரை மாற்றினால் எல்லாம் ஒரேயடியாக வந்து விழும் என்று நினைத்தேன். வயர் மாற்றி இன்றைக்கு எட்டு நாள்.

பிள்ளை, அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். ஒரு படம் நாலைந்து மெகாபைட். அறுந்த வயரிலும் நொடிக்கு இரண்டு படம் வரும். ரொறொன்ரோவிலிருந்து வருகிற படத்துக்கு எங்கள் வீட்டு வயர் ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுத்தாலும் செய்து காட்டும் கணக்கு, நான் செய்யவில்லை. செய்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டி வரும், அதனால் செய்யவில்லை.

நேற்று கொப்பியை மூடி வைக்கப் போனேன். பழக்கதோசத்தில் பக்கத்தின் மேலே திகதியும் நேரமும் எழுதியிருக்கிறேன், மாசி 11, பின்னேரம் 2.30. நீ எடுத்த கோல் அது. இங்கே இரண்டரை என்றால் அங்கே விடிய நாலு மணி. அன்றைக்கு அது எனக்குப் படவே இல்லை. "அம்மா, ஒரு விசயம்" என்று தொடங்கினாய். நான் உடனே, "நல்ல நேரம் எடுத்தாய், இந்தப் பெட்டி பதினொன்றுக்கு மேலே ஏறுதில்லை" என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இருபது நிமிடம், குரல் ஒரு இடத்திலும் தளும்பாமல், ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தாய். ஒரு பக்கம் நிறைய எழுதினேன். நீ சொல்ல வந்தது அதில் ஒரு வரி இல்லை. திரும்ப எடுத்தும் கேட்கவில்லை. நாலு மணிக்கு நித்திரை இல்லாமல் எடுத்த பிள்ளையிடம் நான் வயரைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அப்பாவின் கையைத் தடுத்ததும் நான்தான், இதுவும் நான்தான். என்னை மன்னித்துக்கொள்.

கடைசியாக வந்த படம் மாசி 9இல் எடுத்தது. ஒரு வெறும் அறை. கார்பெட்டில் யாரோ கட்டில் போட்டிருந்த நாலு கால் குழி, பக்கத்தில் ஒரு பெரிய யன்னல், வெயில் உள்ளே விழுந்து கிடக்கிறது. அது யாருடைய அறை என்று நான் கேட்கப் போவதில்லை, சொல்ல வேணும் போல இருந்தால் நீ சொல்லு. எந்த நேரமென்றாலும் எடு, சாமத்திலும் போனைத் தலைமாட்டில்தான் வைத்துப் படுக்கிறேன். சேர்வரைப் பற்றி ஒரு சொல் கேட்க மாட்டேன்.

நல்ல வெளிச்சமான அறைதான் பிள்ளை. முற்பணம் கட்ட வேணுமென்றால் என் பென்சன் கணக்கில் இருக்கிறது, சித்தியிடம் கடன் கேட்காதே. கட்டிலை அந்தக் குழிகள் இருக்கிற இடத்திலேயே போடாதே, அது யன்னலோடு ஒட்டி இருக்கிறது, தலையில் குளிர் ஏறும். உள்சுவர்ப் பக்கம் தள்ளிப் போடு.

அம்மா