மேய்ச்சல் வழியை அடைத்தது யார்?

ஆசிரியருக்கு,

நாடோடி மேய்ப்பர்கள் நிலத்தை மொட்டையடித்துவிடுகிறார்கள் என்ற புகார் அடிக்கடி எழுகிறது. மந்தையை ஒரே இடத்தில் அடைத்துவைத்தால் அப்படித்தான் ஆகும். அதைத் தவிர்க்கத்தானே அவர்கள் நகர்கிறார்கள்! மந்தை புல்லைத் தூர்வரை மேய்ந்து தீர்ப்பதற்குள் கூடாரத்தைப் பிரித்துவிடுவார்கள். அடுத்த மழைக்குப் புல் மறுபடி துளிர்க்கும். சாணத்தில் விழுந்த குடற்புழு முட்டைகள் பொரித்து, புழுக்கள் புல்லில் ஏறிக் காத்திருக்கும்போது மேய மந்தை இருக்காது. வெயிலில் பெரும்பாலானவை காய்ந்து சாகும்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் மக்கள் இன்னும் ஒரு படி மேல். வில்டபீஸ்ட் என்ற காட்டு மான் வகையின் கூட்டம் கன்று போடும் மாதங்களில், நல்ல புல் இருந்தாலும் அந்தப் பக்கம் மாடுகளை விடமாட்டார்கள். அந்தக் கன்றுகளின் மூக்கிலும் கண்ணிலும் வடியும் நீரில் உள்ள வைரஸ் மாடுகளைக் கொன்றுவிடும். வில்டபீஸ்டுக்கு ஒன்றும் ஆகாது.

அதற்காகப் பாட்டன் அறிவு மட்டும் போதும் என்று சொல்லவரவில்லை. 2011-ல் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட வெக்கை நோயை, அதாவது மாடுகளைக் கொன்ற தொற்றுநோயை, ஒழிக்க வெப்பத்தைத் தாங்கும் தடுப்பூசி தேவைப்பட்டது. ஆனால் வண்டி போகாத இடங்களில் ஊசியைப் போட்டவர்களில், பயிற்சி பெற்ற மேய்ப்பர்களும் உண்டு.

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. சரி, விழா நடக்கட்டும். அப்படியே, வேலி போட்டு மறித்த வலசைப் பாதைகளையும் தண்ணீர்த் துறைகளையும் அரசுகள் திறந்துவிடட்டும்.

– வாசகர் ஒருவர்