சோப்பு போட்ட கதை

அன்புள்ள சண்முகம்,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் விற்கிற விலையைச் சொல்லிச் சொல்லி மீனா மாய்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூரோங்கில் பாசி வளர்க்கிற வேலை என்றதும், "குளத்தில் தானாக வளர்வதற்குச் சம்பளமா?" என்று சிரித்தாயே. ஒரு கிலோ பாசி விளைய ஏறக்குறைய 1.8 கிலோ கரியமில வாயு வேண்டுமடா. காற்றில் இருப்பதோ 0.04 சதவீதம். சிலிண்டரிலிருந்து குமிழியாக விட்டால் பெரும்பகுதி மேலே வந்து பறந்துவிடும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் வெதுவெதுத்த தண்ணீர் வாயுவைப் பிடித்தும் வைக்காது. சோடா பாய் ஐஸ் பெட்டியை விட்டு நகராத ரகசியம் இப்போதுதான் புரிகிறது.

அதனால்தான் சவ்வு. சேமியாக் கட்டு மாதிரி ஆயிரக்கணக்கான பாலிப்ரொப்பிலீன் குழல்கள். உள்ளே வாயு, வெளியே தண்ணீர், சுவரெல்லாம் நுண்துளை. தாமரை இலை மாதிரி அந்தப் பிளாஸ்டிக்கில் தண்ணீர் ஒட்டாது, துளைக்குள்ளும் நுழையாது. துளை வாயில் வாயு சத்தமில்லாமல் கரையும். ஒரு குமிழி தெரியாது. முதல் நாள், மெஷின் ஓடவே இல்லை என்று நினைத்தேன். கரியமில வாயு கரைந்தால் தண்ணீரில் அமிலம் ஏறும், பிஎச் எண் இறங்கும். மீட்டர் 8இலிருந்து 7க்கு இறங்கியதும்தான் நம்பினேன்.

போன வாரம் குழல்களில் வழவழவென்று படிந்திருந்தது. கழுவுகிறேன் பேர்வழி என்று பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றி அலசிவிட்டேன். மறுநாள் வாயு வெளியேறும் பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பச்சைகூட இல்லை, வடிகட்டியது போல் தெளிவு. சோப்பு பட்டதும் துளைகள் நனைந்துவிட்டன. தண்ணீர் அடைத்த துளையில் வாயு ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் நகரும். வாயு போய்ச் சேராமல் பிஎச் 9ஐத் தாண்டிவிட்டது.

முதலாளி குழல் விற்றவனைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

2021இல் அண்ணனை எக்மோவில், அந்தச் செயற்கை நுரையீரல் மெஷினில், வைத்திருந்தார்களே, அதற்குள்ளும் இந்த ஜாதிக் குழல்கள்தான். ரத்தத்துக்கு ஆக்சிஜனைக் கொடுத்து, கரியமில வாயுவை எடுத்தன. அதையும் யாரோ ஒருவர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார்தானே? அண்ணன் இப்போது மாடி ஏறுகிறாராமே, அம்மா சொன்னாள்.

ஆல்கஹாலில் அலசி உலர வைத்திருக்கிறேன், துளைகள் மீளலாம். சோப்பு ஊற்றியது நான்தான் என்று எழுதியும் வைத்துவிட்டேன், திங்கட்கிழமை கொடுக்கவேண்டும். அதற்குள் ஃபோன் பண்ணாதே. உன் சிரிப்பைக் கேட்டால் தைரியம் போய்விடும்.

உன்,
கதிர்