கொட்டிலுக்குள் ஒரு வேப்பமர மேசை

ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு
ஆனி மாதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. என் தச்சுவேலை மேசையை முடிக்காமல் உனக்குப் பதில் எழுதுவதில்லை என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன், கோபிக்காதே. இங்கே சோளகக் காற்றுக் கிளம்பி ஒரே புழுதி. பாலைப்பழமும் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் உதடு ஒட்டிப்போய்க் கதைக்க முடியாமல் வருகிறார்கள். எங்கள் காலத்தைப் போலத்தான்.

சரி, மேசைக் கதைக்கு வருகிறேன். கிணற்றடியில் நின்ற வேம்பு உனக்கு ஞாபகமிருக்கும். இரண்டு வருடத்துக்கு முந்திய மாரியில் அது விழுந்துவிட்டது. விறகுக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள், எனக்கு மனம் வரவில்லை. வழியில் மறித்தால் காட்டுவதற்கு கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு, லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு மெசினில்) ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்து மரம் என்றாலே மில்காரருக்குப் பயம். 'உள்ளே இரும்பு இருந்து வாள் பழுதானால் காசு நீர்தான் தரவேண்டும்' என்று சொல்லித்தான் ஏற்றினார். இரண்டாம் வெட்டிலேயே வாளின் சத்தம் மாறிவிட்டது. நிறுத்திப் பார்த்தால் பெருவிரல் நகமளவு செல் துண்டு, சண்டைக் காலத்து எறிகணையின் மிச்சம். அதைச் சுற்றி மரம் ஒரு சாணுக்கு மை ஊற்றினது போலக் கறுத்திருந்தது. வாள் காசு கொடுத்தேன், வேறென்ன செய்வது!

மூன்று அங்குலத் தடிப்பில் இரண்டு பலகை தேறியது. நுனிகள் வெடிக்காமல் பழைய பெயின்ற் பூசி, இடையிடையே தடி வைத்து, கொட்டில் நிழலில் அடுக்கிவிட்டேன். அங்குலத்துக்கு ஒரு வருடம் காயவேண்டும் என்பார்கள். எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையில்லை.

கால்களுக்கு ஐந்து அங்குலச் சதுரத்தில் பாலை மரம். பழைய வீட்டில் எரியாமல் மிஞ்சிய ஒரே கூரை வளையை நான்காக அறுத்தேன். பாலையில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும், தெரியும்தானே. அதனால் முழுக்கத் துளையும், அதற்குள் இறங்கும் நாக்குப் போன்ற கழுந்தும்தான், ஒரு ஆணியும் இல்லை. ஒரு துளை வெட்ட ஒரு பகல் போனது. பத்துத் தட்டுக்கு ஒரு தரம் உளியைத் தீட்டவேண்டும். மூன்றாம் காலில் கழுந்தைக் கோட்டுக்கு உள்பக்கமாக அறுத்துவிட்டு, அன்றைக்கு முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. பிறகு ஒரு சீவல் ஒட்டிச் சமாளித்தேன். நீ வந்தால் எந்தக் கால் என்று கண்டுபிடி பார்ப்போம்.

மூட்டுகளைப் பூட்டியதுதான் எனக்குப் பிடித்த வேலை. காலில் முளைக்குத் துளை போட்டு, கழுந்தில் அதே துளையை ஒன்றரை மில்லிமீற்றர் தோள்பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் பக்கமாக, விலத்திப் போட்டேன். இரண்டு துளையும் நேரே நிற்காது. அதற்குள் முதிரை மர முளையைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்கும்போது, முளை வளைந்துபோய்க் கழுந்தை உள்ளே இழுக்கும். கடைசி இரண்டு அடியில் 'கறுக்' என்று ஒரு சத்தம். விளக்கைப் பிடித்துப் பார்த்தேன், மயிரிழை இடைவெளியும் இல்லை. பசை தடவவே இல்லை.

வேம்பைச் சீவுவது வேறு கரைச்சல். நார் ஒரு சாணுக்கு இந்தப் பக்கம், அடுத்த சாணுக்கு அந்தப் பக்கம். நேரே சீவினால் பிய்த்துக்கொண்டு வரும். அலகை நன்றாகத் தீட்டி, வெளியே தெரிந்தும் தெரியாமலும் விட்டு, மூலைக்கு மூலை சரித்துச் சீவத்தான் வழிக்கு வந்தது. தூள் வாயில் பட்டு இரண்டு நாளாகத் தேத்தண்ணியும் கைத்தது. அந்தச் சீவுளியும் பழையதுதான். 2008இல் சண்டையில் இடம்பெயர்ந்தபோது உரப்பைக்குள் சுற்றிப் புதைத்துவிட்டுப் போனதை 2010இல் வந்து தோண்டினேன். கட்டையைக் கறையான் தின்றிருந்தது. அலகு மட்டும் துருவோடு கிடந்தது. துருவைத் தேய்த்து எடுத்து, புதுக் கட்டை செதுக்கிப் போட்டிருக்கிறேன்.

உயரம் 33 அங்குலம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டில் முட்டும், சீவும்போது முதுகு வளையாது. மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் வாங்கவில்லை. மேற்பலகையில் முக்கால் அங்குலத் துளைகள் போட்டு, கம்மாலையில் ஊன்றுதடி மாதிரி ஒரு இரும்பு வளைத்து எடுத்தேன். துளைக்குள் விட்டுத் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் மரத்தைக் கவ்விக்கொள்ளும், பின்பக்கம் தட்டினால் விட்டுவிடும். பக்கத்து ஓடாவியார் வந்து பார்த்துச் சிரித்தார். காலால் மிதித்துப் பிடித்தே நிலையும் கதவும் செய்த மனுசன். ஆனால் அடுத்த நாளே ஒரு யன்னல் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்!

நீ கேட்டிருந்தாய், உன் கராஜ் மேசையைப் போல நட்டும் போல்ட்டும் போட்டுக் கழற்றிப் பூட்டும் மாதிரிச் செய்தால் என்ன, ஏன் இந்தப் பாரம் என்று. மச்சான், நாங்கள் கழற்றிக் கழற்றிக் கட்டின ஆட்கள். கூரைத் தகரத்தைக் கூடக் கழற்றி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம். இதைத் தூக்க நான்கு பேர் வேண்டும், தூக்கினாலும் கொட்டில் வாசலால் வெளியே போகாது. அளந்துதான் செய்தேன்.

அந்தச் செல் துண்டு இருந்த துளையை அடைக்கவில்லை. பென்சில் நட்டு வைத்திருக்கிறேன், சரியான அளவு.

என் மனுசி இப்போதே மேசையில் கண் வைத்துவிட்டாள். முந்தாநாள் காலையில் போய்ப் பார்த்தால், பலகை முழுக்கப் பலாப்பழப் பால்! எண்ணெய் போட்டுத் துடைத்தும் ஓரத்தில் இன்னும் ஒட்டுகிறது.

ஆவணியில் வருவதாக எழுதியிருந்தாய். வரும்போது ஒரு அரை அங்குல உளி கொண்டுவா. பிடி வேண்டாம், இரும்பு மட்டும் போதும்.

அன்புடன்,
உன் கூட்டாளி