முதலில் வியர்வைப் பரிசோதனை

ஆசிரியருக்கு,

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது நுரையீரலிலும் செரிமான உறுப்புகளிலும் சளியைக் கெட்டியாக்கும் பரம்பரை நோய். அந்த நோயாளியின் மலக்குடலில் துளித் திசுவைக் கிள்ளியெடுத்து, அதன் குருத்தணுக்களை ஆய்வகத்தில் 'ஆர்கனாய்டு' என்னும் குட்டிக் குடல்களாக வளர்க்கிறார்கள். செல்லுக்குள் நீரை இழுக்கத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சேர்த்தால் நோயற்றவரின் குட்டிக் குடல் நீர் கோத்துப் புடைக்கும். நோயாளியுடையது பெரும்பாலும் அசையாது. மருந்து கலந்தபின் அதுவும் புடைத்தால், அம்மருந்து அவருக்குப் பலிக்க வாய்ப்புண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2013-இல் காட்டிய வழி இது. ஐரோப்பாவில் மலிந்த எஃப்508டெல் மரபணுப் பிழை இந்திய நோயாளிகளிடம் குறைவு. எந்த மருந்து பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத அரிய பிழைகள் அதிகம் என்பதால் நமக்கு இது கூடுதலாகவே பயன்படும்.

ஆனால் நோயைக் கண்டுபிடித்தால்தானே! எங்கள் மன்னார்குடிப் பக்கம், தீராத சளியும் எண்ணெய்ப் பிசுக்கு மலமும் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் நெற்றியுமாகக் குழந்தையைத் தூக்கிப்போனால், 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' (குழந்தைகளின் காசநோய்) என்று மருந்து எழுதிவிடுகிறார்கள். டெல்டாவின் எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் வியர்வையின் உப்பை அளந்து இந்நோயைக் கண்டறியும் வியர்வைப் பரிசோதனைக்கு அரசு வழிசெய்ய வேண்டும்.

ஒரு வாசகர், மன்னார்குடி